வீட்டுக்குள் நடந்த கொலை: தடயம் எங்கே கைநழுவிப் போகிறது?

வெளியாள் ஒருவன் வீடு புகுந்து கொலை செய்தால், அவனுடைய கைரேகை அங்கே இருப்பதே ஒரு கேள்விதான். ஏன் வந்தான், எப்படி வந்தான் என்று விசாரணை அங்கிருந்தே தொடங்கிவிடும். கணவனோ மனைவியோ மகனோ மாமியாரோ செய்த கொலையில் அந்த வசதி கிடையாது. கதவுப் பிடியில் அவர்கள் ரேகை இருக்கும். தலையணையில் அவர்கள் முடி கிடக்கும். இறந்தவரின் உடையில் அவர்களுடைய டி.என்.ஏ. ஒட்டியிருக்கும். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள் என்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும். ஆகவே குடும்பக் கொலையில், யார் அங்கே இருந்தார் என்று தேடிப் பயனில்லை. வீட்டார் சொல்கிற கதைப்படி இந்தச் சாவு நடந்திருக்க முடியுமா என்பதைத்தான் தடயத்திடம் கேட்க வேண்டும். இதைக் கேட்காமல் விட்டதாலும், கேட்பதற்குள் தடயத்தை அழித்துவிட்டதாலும் கெட்டுப்போன வழக்குகள் ஏராளம்.

கைரேகையை வைத்துத் துலங்கிய முதல் கொலை வழக்கே ஒரு குடும்பக் கொலைதான். 1892 ஜூன் மாதம், அர்ஜென்டினாவின் நெகோசேயா என்ற ஊர். பிரான்சிஸ்கா ரோஹாஸ் என்ற பெண்ணின் இரண்டு குழந்தைகளும் கொல்லப்பட்டுக் கிடந்தன. அவள் கழுத்திலும் ஒரு வெட்டுக்காயம். பக்கத்தில் வசித்த ஒருவர்தான் செய்தார் என்றாள். போலீஸ் அவரைப் பிடித்து எவ்வளவோ வதைத்தும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கைரேகை முறையை வகுத்த ஹுவான் வுசெடிச்சிடம் அதைக் கற்றிருந்த ஆல்வாரெஸ் என்ற அதிகாரி வந்து பார்த்தபோது, கதவுச் சட்டத்தில் ரத்தத்தில் பதிந்த ஒரு விரல் தடம் இருந்தது. அந்த மரத்துண்டையே வெட்டி எடுத்துப்போய் ஒப்பிட்டார். அது தாயின் கட்டைவிரல். அவள் வீட்டுக் கதவில் அவள் ரேகை இருப்பதில் என்ன வியப்பு? ஆனால் குழந்தைகளின் உடலைத் தான் தொடவே இல்லை என்று அவள் சொல்லியிருந்தாள். அப்படியானால் விரலில் ரத்தம் எப்படி வந்தது? அவள் ஒப்புக்கொண்டாள். ரேகையும் வாக்குமூலமும் ஒன்றோடொன்று மோதிய இடத்தில்தான் வழக்கு திறந்தது.

“பாம்பு கடிச்சிருச்சு” என்றதும் விசாரணையை மூடுவது

இதே முறையில், ஆனால் இதைவிட எவ்வளவோ கடினமான ஒரு வழக்கு நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. கேரளத்தின் கொல்லம் மாவட்டம், அஞ்சல் என்ற ஊர். 2020 மே 7 காலையில் உத்ரா என்ற இளம்பெண் பெற்றோர் வீட்டில் படுக்கையிலேயே இறந்து கிடந்தார். கையில் பாம்புக்கடி. அறைக்குள் ஒரு நல்லபாம்பு இருந்தது, அடித்துக் கொன்றார்கள், வீட்டு வளாகத்திலேயே புதைத்தார்கள். அதே அறையில்தான் கணவனும் படுத்திருந்தான். கேட்பவர்களுக்குத் துக்கம்தான் வரும், சந்தேகம் வராது.

சந்தேகத்தைக் கிளப்பியது ஒரு பழைய நிகழ்வு. அதே ஆண்டு மார்ச் 2 அன்று அடூரில் கணவன் வீட்டில் இருந்தபோது உத்ராவைக் கண்ணாடி விரியன் கடித்தது. மருத்துவமனையில் 52 நாள் சிகிச்சை. அது முடிந்து பெற்றோர் வீட்டில் தேறிவந்த சமயத்தில்தான் இரண்டாவது கடி. இரண்டு மாத இடைவெளியில் இரண்டு வெவ்வேறு வகைப் பாம்பு, இரண்டு வெவ்வேறு வீடு, இரண்டு முறையும் படுக்கையறை. பெற்றோர் காவல்துறையிடம் போனார்கள். அவர்கள் போகாமல் இருந்திருந்தால் அது இன்றைக்கும் விபத்தாகவே ஏட்டில் இருந்திருக்கும்.

விசாரணைக் குழு முதலில் செய்தது, புதைத்த பாம்பைத் தோண்டி எடுத்துப் பிரேதப் பரிசோதனை செய்தது. பாம்பின் வயிற்றில் இரை எதுவும் இல்லை. பல நாளாகப் பட்டினி கிடந்த பாம்பு, அதாவது யாரோ அடைத்து வைத்திருந்த பாம்பு என்ற முடிவுக்கு அது இட்டுச் சென்றது. அடுத்து, கடித்த தடம். நல்லபாம்பின் இரண்டு நச்சுப்பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி பொதுவாக 1.7 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். உத்ராவின் கையில் இருந்த இரண்டு கடிகளில் அந்த இடைவெளி 2.3 மற்றும் 2.8 சென்டிமீட்டர். பாம்பு தானாகக் கடித்தால் பல் இவ்வளவு விலகாது.

விலகாது என்று ஒரு நிபுணர் வாயால் சொன்னால் நீதிமன்றம் ஏற்குமா? அதனால் சோதனை செய்தார்கள். அரிப்பாவில் உள்ள வனத்துறைப் பயிற்சி நிலையத்தில் ஒரு பொம்மையைக் கட்டிலில் கிடத்தி, உயிருள்ள நல்லபாம்பை அதன் மேல் விட்டார்கள். அது கடிக்கவில்லை. பொம்மையின் கையில் கோழி இறைச்சியைக் கட்டி, பாம்பைச் சீண்டியபோது கடித்தது. அளந்தால் வழக்கமான இடைவெளி. பிறகு பாம்பின் தலையைப் பிடித்து அழுத்திக் கடிக்க வைத்தார்கள். பற்கள் அகன்றன, இடைவெளி 2 சென்டிமீட்டரைத் தாண்டியது. யாரோ ஒருவர் பாம்பின் தலையைக் கையில் பிடித்திருந்தார் என்பதை அந்த அளவுகோல் சொல்லிவிட்டது. அறைக்குள் இருந்த இன்னொருவர் யார் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை.

இதோடு மற்றவை சேர்ந்தன. கணவன் இணையத்தில் பாம்புகளைப் பற்றித் தேடிய பதிவுகள் கிடைத்தன. பாம்பு விற்றவர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறினார். நல்லபாம்புக் கடி வலிக்கும். அவ்வளவு வலியிலும் ஒருவர் விழிக்காமல் எப்படிக் கிடந்தார் என்ற கேள்விக்கு, மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்தது என்று அரசுத் தரப்பு நிறுவியது. 2021 அக்டோபர் 11 அன்று கொல்லம் நீதிமன்றம் கணவனைக் குற்றவாளி என்றது. இரண்டு நாள் கழித்து 17 ஆண்டு சிறையும், அது முடிந்தபின் இரட்டை ஆயுள் தண்டனையும் விதித்தது.

இந்த வழக்கில் கைரேகைக்கோ டி.என்.ஏ. ஒப்பீட்டுக்கோ கணவனை மாட்டிவிடும் வேலை இருக்கவில்லை. பாம்பு, பல், மருந்து, தேடல் பதிவு ஆகிய ஒவ்வொன்றும் “இது தானாக நடந்திருக்காது” என்றது. வேறொரு வழக்கில் இதற்கு நேர்மாறாக நடந்தது. திரிமுக் மாரோதி கிர்கான் வழக்கில் மருமகள் பாம்பு கடித்து இறந்ததாக வீட்டார் சொன்னார்கள். பிரேதப் பரிசோதனையில் கழுத்து நெரிக்கப்பட்டது தெரிந்தது. பாம்பு கடித்தது, வழுக்கி விழுந்தாள், அடுப்பு வெடித்தது, நெஞ்சுவலி என்று சொல்லப்படும் காரணம் எவ்வளவு பழக்கமானதோ, அவ்வளவு எளிதாக நாம் அதை நம்பிவிடுகிறோம்.

சாவு வீட்டில் காட்டும் அவசரம்

இது நம் ஊர்ப் பக்கம் அதிகம் நடக்கிற தவறு. இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் குற்றவாளிகள் இல்லை, பாசம் உள்ளவர்கள்.

உடலைக் குளிப்பாட்டுகிறார்கள். மஞ்சள் பூசி, புதுத்துணி உடுத்துகிறார்கள். இறந்தவர் போராடியிருந்தால் நகத்தடியில் சிக்கியிருக்கும் தோல் துணுக்கு அந்த ஒரு குடம் தண்ணீரில் போய்விடும். உதட்டோரத்து நுரை, வாயிலிருந்து வழிந்த எச்சில் கோடு, துணியில் பட்ட வாந்தி எல்லாம் போய்விடும். அவர் படுத்திருந்த பாயையும் தலையணையையும் எரித்துவிடுகிறார்கள். தலையணை வைத்து மூச்சை அடைத்துக் கொன்ற வழக்கில் அந்தத் தலையணை உறையில்தான் எச்சிலும் உதட்டு ரத்தமும் இருந்திருக்கும். உடல் எடுத்த கையோடு வீட்டையும் கழுவி விடுகிறார்கள்.

ஃப்ரீசர் பெட்டி இன்னொன்று. வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டும் என்று உடனே வாடகைக்கு எடுத்து உடலை வைத்துவிடுகிறார்கள். இறந்து எவ்வளவு நேரம் ஆனது என்று கணிக்க மருத்துவருக்கு இருப்பவை உடல் சூடு, விறைப்பு, ரத்தம் கீழ்ப்பக்கமாகத் தேங்கி ஏற்படும் நிறமாற்றம் ஆகியவை. குளிர்ப்பெட்டி முதல் இரண்டையும் குழப்பிவிடும். “ராத்திரி பத்து மணிக்கு நல்லாத்தான் பேசிட்டிருந்தா” என்று ஒருவர் சொல்வது உண்மையா என்று சரிபார்க்கும் வழி அதோடு அடைபடுகிறது. சந்தேகச் சாவு என்றால் பெட்டிக்கு முன்னால் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். பெட்டியில் ஏற்கெனவே வைத்தாகிவிட்டால், எத்தனை மணிக்கு வைத்தோம் என்பதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தூக்கில் தொங்குகிறவரைப் பார்த்தால் உயிர் இருக்கிறதா என்பதுதான் முதல் கவலை. உடனே இறக்க வேண்டும், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் முடிச்சை அவிழ்க்காதீர்கள். முடிச்சு இல்லாத இடத்தில் கயிற்றையோ சேலையையோ அறுங்கள். அந்த முடிச்சு எப்படிப் போடப்பட்டது, உத்தரத்தில் கயிறு உராய்ந்த இழை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் பேசும். ஆளைக் கொன்றுவிட்டுப் பிறகு மேலே இழுத்துக் கட்டினார்களா என்பது அதில் தெரிய வாய்ப்புண்டு. கழுத்துத் தடமும் அப்படித்தான். தானாகத் தூக்கில் தொங்கியிருந்தால் தடம் பெரும்பாலும் கழுத்தின் மேல்பகுதியில், காதை நோக்கிச் சாய்வாக, ஓரிடத்தில் அறுபட்டு இருக்கும். நெரித்திருந்தால் கீழே தள்ளி, கிடைமட்டமாக, கழுத்தைச் சுற்றி முழுதாக இருக்கும். விதிவிலக்குகள் உண்டு. அதனால்தான் கயிறும் படமும் மருத்துவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இந்த அவசரத்தில் ஆகக் கெட்டது, “போஸ்ட்மார்ட்டம் வேண்டாம், உடம்பை அறுக்க விடமாட்டோம்” என்பது. குடும்ப மானம், பெண்பிள்ளையின் பெயர், சொத்துப் பிரச்சினை என்று உள்ளே எத்தனையோ காரணம் ஓடும். கோழிக்கோடு மாவட்டம் கூடத்தாயியில் 2002 முதல் 2016 வரை ஒரே உறவுவட்டத்தில் ஆறு பேர் அடுத்தடுத்து இறந்தார்கள். பிரேதப் பரிசோதனை நடந்தது ஒரே ஒருவருக்கு, 2011-இல். அதில் சயனைடு இருப்பது தெரிந்தது. மற்றவர்களை அப்படியே அடக்கம் செய்துவிட்டார்கள். 2019-இல் கல்லறைகளைத் தோண்டி எச்சங்களை ஆய்வுக்கு அனுப்பியபோது, நான்கு பேரின் எச்சங்களில் சயனைடு கிடைக்கவில்லை என்று அறிக்கை வந்தது. சயனைடு உடலில் நெடுங்காலம் தங்கும் நஞ்சு இல்லை. கிடைக்காததால் கொடுக்கவில்லை என்று ஆகாது, கொடுத்தார்கள் என்றும் ஆகாது. பரிசோதனை இல்லாமல் அடக்கம் செய்தது, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இறந்தவர்களுக்கும் சேர்த்தே இழைத்த அநீதி. ஆர்சனிக் போன்ற சில நஞ்சு மட்டும் முடியிலும் எலும்பிலும் ஆண்டுக்கணக்கில் தங்கும். புதைத்திருந்தால் அந்த ஒரு வாய்ப்பாவது மிஞ்சும். எரித்துவிட்டால் அதுவும் ஏறக்குறைய போய்விடும்.

ஒரே ஒரு அறிக்கையோடு நிறுத்திக்கொள்வது

1995 ஜூலை 2 இரவு, டெல்லியில் ஓர் உணவக வளாகத்தின் தந்தூர் அடுப்பில் ஒரு பெண்ணின் உடல் எரிந்துகொண்டிருந்தது. கொன்றவர் கணவர், ஓர் அரசியல் பிரமுகர். முதல் பிரேதப் பரிசோதனை, தீக்காயத்தால் ஏற்பட்ட அதிர்ச்சியில் சாவு என்று சொன்னது. சந்தேகம் தீராமல் மூன்று மருத்துவர் கொண்ட குழு இரண்டாவது பரிசோதனை செய்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். தலையிலும் கழுத்திலும் துப்பாக்கிக் குண்டுகள். முதல் அறிக்கையே இறுதி என்று விட்டிருந்தால் அவர்கள் வீட்டில் நடந்த துப்பாக்கிச் சூடே வழக்குக்குள் வந்திருக்காது. உடல் அடையாளம் தெரியாமல் கருகியிருந்ததால், இறந்தவரின் பெற்றோர் ரத்தத்தோடு ஒப்பிட்டு டி.என்.ஏ. மூலம் அடையாளத்தை உறுதி செய்தார்கள். இந்திய நீதிமன்றங்களில் டி.என்.ஏ. அப்போதுதான் கால் ஊன்றிக்கொண்டிருந்தது.

எரிந்த உடலை எக்ஸ்ரே எடுக்காமல் விடுவது போலவே, மூச்சுக்குழாயைப் பார்க்காமல் விடுவதும் தவறு. உயிரோடு எரிந்தவர் புகையை இழுத்திருப்பார். மூச்சுக்குழாய்க்குள் கரி படிந்திருக்கும், ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கும். இரண்டும் இல்லை என்றால், எரியும் முன்பே அவர் இறந்திருக்கலாம் என்ற கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். இன்னொன்று, தீயில் தசை சுருங்குவதால் கைகள் மடங்கி, குத்துச்சண்டைக்காரர் நிற்பது போல உடல் வளைந்துவிடும். உயிர் போகும்போது போராடியதன் அடையாளம் என்று பலர் அதைத் தவறாகப் படிக்கிறார்கள்.

விஷச் சாவுகளில் குடல், கல்லீரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளைக் கண்ணாடிக் குப்பியில் பாதுகாத்து அனுப்புவதில் எத்தனையோ வழக்கு தவறிப்போகிறது. செறிவான உப்புக் கரைசலில் போடுவது வழக்கம். பழக்கத்தில் ஃபார்மலினில் போட்டுவிட்டால் நஞ்சு ஆய்வு கெடும். ஃபார்மலின் திசுவின் நுண்ணமைப்பைப் பார்க்க உதவும் திரவம், நஞ்சைத் தேட உதவாது. சென்னையில் 1849-இலேயே வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கியது. இன்றைய தமிழ்நாடு தடயவியல் துறையின் வேர் அதுதான், விஷச் சாவுகள்தான் அதன் ஆரம்பகால வேலை. இவ்வளவு நீண்ட மரபுள்ள இடத்தில் தவறான குப்பியும் தாமதமான பார்சலும் ஒரு வழக்கைக் கொல்வதைப் பார்க்க எரிச்சல்தான் வருகிறது.

சோதனை “ஆம்” என்றதும் ரத்தம் என்று எழுதிவிடுவது

சம்பவ இடத்தில் தெளித்துப் பார்க்கும் லுமினாலும் அதுபோன்ற வேதிப்பொருள்களும், “இங்கே ரத்தம் இருக்கலாம், எடுத்துப்போய்ச் சோதி” என்றுதான் சொல்லும். குளியலறை கழுவும் பிளீச்சிங் கரைசலுக்கும் செம்புக்கும்கூட அவை வினை காட்டும். இந்த எல்லையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் சேம்பர்லேன் வழக்கைவிட வலிமிகுந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

1980 ஆகஸ்ட் 17. உலுரு பாறையருகே கூடாரம் அடித்திருந்த குடும்பம். ஒன்பது வாரக் கைக்குழந்தை அசாரியா காணாமல் போனாள். டிங்கோ என்ற காட்டுநாய் தூக்கிப்போனதாகத் தாய் லிண்டி சேம்பர்லேன் அலறினார். நாடே அவரை நம்ப மறுத்தது. குடும்பக் காரில் ரத்தம் இருந்தது, அதுவும் கைக்குழந்தையின் ரத்தத்துக்கே உரிய வகை என்று ஆய்வக நிபுணர் சொன்னார். 1982-இல் லிண்டிக்கு ஆயுள் தண்டனை. அப்போது அவர் நிறைமாத கர்ப்பிணி. காரில் தெறித்திருந்ததாகச் சொன்ன அந்த “ரத்தம்”, கார் தயாரிப்பில் சத்தம் குறைக்கத் தெளிக்கும் ஒரு பூச்சு என்று பின்னால் தெரிந்தது. எதிர்த்தரப்பு மறுபரிசோதனை செய்யக் கேட்டபோது, ஆய்வகச் சோதனைத் தகடுகள் அழிக்கப்பட்டிருந்தன. 1986-இல் குழந்தையின் மேல்சட்டை டிங்கோ நடமாட்டமுள்ள இடத்தருகே கிடைத்தது, லிண்டி விடுதலையானார். 1988-இல் தீர்ப்பு நீக்கப்பட்டது. குழந்தையின் சாவுக்கு டிங்கோவே காரணம் என்று அதிகாரப்பூர்வமாகப் பதிவானது 2012-இல்.

ஒரு தாயின் 32 ஆண்டுகள். ரத்தம்தானா, மனித ரத்தம்தானா, யாருடைய ரத்தம் என்ற மூன்று கேள்வியும் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை வேண்டும், மாதிரியில் ஒரு பங்கு மறுபரிசோதனைக்கு மீதம் இருக்க வேண்டும். வீட்டாரை எளிதில் நம்புவது ஒரு தவறு என்றேன். வீட்டார் என்பதற்காகவே முதலில் குற்றவாளியாக்கி, பிறகு தடயத்தை அதற்குத் தகுந்தபடி படிப்பதும் அதே அளவு கொடிய தவறு.

உறை, லேபிள், பூட்டிய கதவு

2008 மே மாதம், நொய்டா. 13 வயது ஆருஷி தன் அறையில் கொலையாகிக் கிடந்தாள். வீட்டு வேலைக்காரரைக் காணவில்லை, ஆகவே அவர்தான் கொலையாளி என்று முதல் நாளே முடிவு கட்டினார்கள். மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது, கைப்பிடியில் ரத்தக் கறையும் இருந்தது. அன்று அந்தக் கதவைத் திறக்கவில்லை. மறுநாள் திறந்தபோது வேலைக்காரரின் உடலும் அங்கேதான் கிடந்தது. அதற்குள் வீட்டுக்குள் உறவினர், அக்கம்பக்கத்தார், செய்தியாளர் என்று கூட்டம் புழங்கி முடித்திருந்தது. ஆய்வகத்துக்குப் போன தலையணை உறைகளின் விவரக் குறிப்பு அறிக்கையில் இடம் மாறிவிட்டது, அது தட்டச்சுப் பிழை என்று 2011-இல் விளக்கம் வந்தது. எந்த உறை எந்த அறையில் கிடைத்தது என்பது அந்த வழக்கில் யார் கொலையாளி என்பதோடு நேரடியாகத் தொடர்புள்ள கேள்வி. 2013-இல் பெற்றோருக்கு ஆயுள் தண்டனை, 2017-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் விடுதலை. அந்த இரண்டு பேரைக் கொன்றது யார் என்பதற்கு இன்றுவரை நீதிமன்றம் ஏற்ற விடை இல்லை.

ரத்தம் படிந்த துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போடுவது இன்றும் நடக்கிறது. இரண்டு நாளில் பூசணம் பூத்து டி.என்.ஏ. சிதைந்துவிடும். நிழலில் உலர்த்தி, காகித உறையில், ஒவ்வொரு துணியும் தனித்தனியாகப் போக வேண்டும். கொலையானவரின் சட்டையையும் சந்தேக நபரின் சட்டையையும் ஒரே பையில் திணித்தால், ஒன்றின் ரத்தம் மற்றதில் ஒட்டியது எப்போது என்று எந்த ஆய்வகமும் சொல்ல முடியாது. தேனி மாவட்டம் சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கில் டி.என்.ஏ. மாதிரிகள் கைமாறியதில் இருந்த ஓட்டைகளைக் காட்டி, மரண தண்டனை பெற்றவரை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் விடுவித்தது. மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பதிவேடு வேண்டும் என்று நாடு முழுவதுக்கும் அந்தத் தீர்ப்பு விதி வகுத்தது.

உறவுக்குள் டி.என்.ஏ.வைப் படிப்பது

குடும்ப வழக்கில் டி.என்.ஏ. அறிக்கையைப் படிக்கும்போது, அது எந்த வகைச் சோதனை என்று முதலில் பாருங்கள். ஒய் குரோமோசோம் சோதனை என்றால் அப்பா, மகன், அண்ணன், தம்பி, சித்தப்பா எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே முடிவு வரும். “தம்பியின் டி.என்.ஏ. பொருந்தியது” என்று எழுதினால் அந்த ஆண்வழி முழுவதுமே பொருந்தியது என்று பொருள். மைட்டோகாண்ட்ரியா சோதனை தாய்வழி. தாய்க்கும் பிள்ளைகளுக்கும் அது ஒன்றே. ரத்த வகையோ இதைவிடப் பலவீனம். அம்மாவும் மகளும் ஓ பாசிட்டிவாக இருப்பது அன்றாடம் காண்பது. டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளை எண்ணும் முழு எஸ்.டி.ஆர். சோதனைதான் உடன்பிறந்தோரைப் பிரித்துக் காட்டும், அதுவும் ஒரே கரு இரட்டையரைப் பிரிக்காது.

பொருந்தியது என்பதோடு நிற்கவும் கூடாது. எங்கே, எந்த வடிவில் என்று கேட்க வேண்டும். மனைவியின் ரத்தம் கணவனின் சட்டையில் இருந்தால், தூக்கி மடியில் போட்டேன் என்பான். தேய்ந்து பரவிய கறை அதற்குப் பொருந்தலாம். கையை ஓங்கும்போது பொடிப்பொடியாகத் தெறித்த துளிகள் பொருந்தாது. டி.என்.ஏ. யாருடைய ரத்தம் என்று சொல்லும், கறையின் வடிவம்தான் அது எப்படி வந்தது என்று சொல்லும்.

கைபேசி, கேமரா, சட்டம்

இறந்தவரின் போனைத் திறந்து வாட்ஸ்அப்பைப் புரட்டாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து உறவுக் குழுவில் போடுவதால் வழக்குக்கு ஒரு பயனும் இல்லை, எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குத்தான் உதவும். போனை அப்படியே ஒப்படையுங்கள், மகஜரில் (கைப்பற்றிய பொருள்களைக் காவல்துறை எழுதும் பட்டியல்) ஏறியதா என்று பாருங்கள். தெருமுனைக் கடையின் கண்காணிப்புக் கேமரா பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டே போகும். காரியம் எல்லாம் முடிந்தபின் கேட்கலாம் என்றால் இருக்காது. பதிவை எடுக்கும்போது கருவியின் கடிகாரம் எத்தனை நிமிடம் முன்னே பின்னே ஓடுகிறது என்பதையும் குறிக்க வேண்டும். மின்னணுப் பதிவோடு சட்டப்படியான சான்றிதழ் வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்தது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி இப்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 63-ஆம் பிரிவு. சான்றிதழ் இல்லாத நகல் பதிவு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நீதிமன்றத்தில் நிற்காது.

மருந்து கொடுத்து அரைமயக்கத்தில் பேச வைக்கும் நார்கோ சோதனை செய்தால் எல்லாம் வெளிவந்துவிடும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடலாம். ஒப்புதல் இல்லாமல் செய்யக் கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

“பூட்டிய வீட்டுக்குள் நடந்தது, அவன்தான் விளக்கம் சொல்ல வேண்டும்” என்ற வாதத்திலும் ஒரு பொறி இருக்கிறது. தனக்கு மட்டுமே தெரிந்த உண்மையை அவரவர்தான் மெய்ப்பிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது சரி. பழைய சாட்சியச் சட்டத்தில் 106, புதியதில் 109-ஆம் பிரிவு. கிர்கான் வழக்கில் வீட்டாரின் பொய் விளக்கம் அவர்களுக்கு எதிராகவே சேர்ந்தது இப்படித்தான். ஆனால் அரசுத் தரப்பு தன் சங்கிலியை முதலில் கோத்து முடித்திருக்க வேண்டும். 1984-இல் சரத் சார்தா வழக்கில், புனேயில் மனைவி சயனைடால் இறந்ததற்காகக் கணவருக்கு விதித்த மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. சூழ்நிலைச் சாட்சியத்துக்கு ஐந்து விதிகளை வகுத்து அவற்றைப் பஞ்சசீலம் என்றே அழைத்தது. அவளே நஞ்சை உண்டிருக்கலாம் என்ற வாய்ப்பை அரசுத் தரப்பால் அடைக்க முடியவில்லை. தடயம் எதைக் காட்டுகிறது என்பதோடு, எந்தெந்த வேறு வழிகளை அது மூடுகிறது என்பதையும் விசாரணை அதிகாரி எழுத வேண்டும்.

உறவினராக உங்களால் கேட்க முடிந்தவை சில உண்டு. திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் சந்தேகத்துக்கிடமாக இறந்தால் பிரேதப் பரிசோதனையும் நிர்வாக நடுவர் விசாரணையும் சட்டப்படி நடந்தாக வேண்டும். நம் பக்கம் அதை ஆர்.டி.ஓ. விசாரணை என்பார்கள். ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்தில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்று 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176-ஆம் பிரிவு சொல்கிறது. மாநிலங்கள் முழுமையாக நடைமுறைப்படுத்த ஐந்தாண்டு அவகாசம் உண்டு. பரிசோதனையை வீடியோ எடுக்கும்படி எழுதிக் கொடுங்கள். முன்பு நடந்த விபத்து, சிகிச்சை, சண்டை, நகை அடகு எதுவாக இருந்தாலும் தேதியோடு எழுதிக் கொடுங்கள்; உத்ரா வழக்கில் மார்ச் மாதக் கடி பற்றிய மருத்துவமனைப் பதிவுதான் இரண்டாவது கடியை வேறு கண்ணோடு பார்க்க வைத்தது. இரண்டாவது பரிசோதனை வேண்டும் என்று தோன்றினால், உடலை வாங்கிக் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள், மறுத்தால் உயர் நீதிமன்றம் போங்கள். மனுவின் நகலில் காவல் நிலைய முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.